கறை விழுந்த இடம்

மூளைத்திசு சிலைடை நுண்ணோக்கியில் வைத்ததும் பெரிய லென்சுக்குத் தாவாதீர்கள் என்று என்னிடம் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களிடம் விடாமல் சொல்வேன். முதலில் சின்ன லென்சில் சிலைடு முழுக்க நிதானமாக ஒரு சுற்று வரவேண்டும். டௌ புரதம் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதைவிட எங்கே, எந்தச் செல்லுக்குள், என்ன உருவில் தேங்கியிருக்கிறது என்பதுதான் நோயின் பெயரைச் சொல்லும்.

ஆரோக்கியமான மூளையிலும் டௌ உண்டு. 1975இல் பிரின்ஸ்டனில் மார்க் கிர்ஷ்னரின் ஆய்வுக்கூடத்தில், நுண்குழல்கள் உருவாகத் துணைநிற்கும் புரதமாகத்தான் அது அறிமுகமானது. நரம்புசெல்லின் நீண்ட ஆக்சானுக்குள் அந்தக் குழல்களைப் பற்றியிருப்பது அதன் வேலை. அளவுக்கு மீறிப் பாஸ்பேட் ஏறினால் பிடி தளர்கிறது. குழலை விட்ட டௌ ஒன்றோடொன்று சேர்ந்து கரையாத இழைகளாகிறது. 1906இல் அலோயிஸ் அல்சைமர் வெள்ளிச் சாயத்தில் கண்டு விவரித்த முடிச்சுகள் இவைதாம். அவற்றுக்குள் இருப்பது டௌ என்று தெரிய 1980களின் நடுப்பகுதி ஆகிவிட்டது.

இன்று எங்கள் கைக்கருவி ஏடி8 என்ற எதிர்ப்பொருள். பாஸ்பேட் ஏறிய டௌ பழுப்பாகவும், செல்களின் உட்கருக்கள் நீலமாகவும் தெரியும். அல்சைமர் என்றால் கண் முதலில் போவது ஹிப்போகாம்பஸை ஒட்டிய என்டோரைனல் பகுதிக்கு. அங்கே இரண்டாம் அடுக்கில் பெரிய நரம்புசெல்கள் சின்னச் சின்னத் தீவுகளாகக் கூடி நிற்கும். புறணியில் முதல் பழுப்பு இந்த வட்டாரத்தில்தான் விழுகிறது. பிறகு ஹிப்போகாம்பஸ், அதன்பின் பரந்த புறணி. ஹெய்கோ பிராக், ஈவா பிராக் தம்பதி 1991இல் இந்த நடையை ஆறு நிலைகளாக வகுத்தார்கள். முதலிரு நிலைகளில் இருப்பவரிடம் வீட்டாருக்கு வித்தியாசம் ஏதும் தெரியாமலே போகலாம். முற்றிய மூளையிலோ நரம்புசெல் செத்து, உட்கருவும் மறைந்த பிறகு முடிச்சு மட்டும் அந்தச் செல்லின் உருவிலேயே கிடக்கும். எத்தனை முறை பார்த்தாலும் அங்கே சிலைடை நகர்த்தும் கை சற்று நின்றுவிடுகிறது.

என் மனம் அதிகம் தோய்வது ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்லில். ஒருவர் அடிக்கடி பின்பக்கமாக விழுகிறார், கண்ணைத் தாழ்த்திச் சாப்பாட்டுத் தட்டைப் பார்க்க முடியவில்லை. இன்னொருவருக்கு ஒரு கை மட்டும் விறைத்து, சொன்ன பேச்சைக் கேட்க மறுக்கிறது. இருவருக்குமே 'பார்க்கின்சன்' என்று சீட்டு எழுதப்பட்டிருக்கக்கூடும். முதலாமவருக்கு பி.எஸ்.பி. (புரோகிரசிவ் சூப்பராநியூக்ளியர் பால்சி) நோய் என்றால், ஆஸ்ட்ரோசைட்டின் நடுவுடலை ஒட்டிய கிளைகளில் டௌ நிறைந்து குஞ்சம்போலத் தெரியும். இரண்டாமவருக்கு சி.பி.டி. (கார்டிகோபேசல் டிஜெனரேஷன்) என்றால் நடுவுடலருகே வெறுமை. கிளைநுனிகளில் மட்டும் பழுப்பு, ஒரு வளையமாக. இரண்டிலும் தேங்குவது ஒரே வகை டௌதான். பிக் நோயில் வேறு வகை டௌ நரம்புசெல்லுக்குள் வட்ட உருண்டையாகத் திரளும். தலையில் அடிமேல் அடி வாங்கிய குத்துச்சண்டை வீரர்களின் மூளையில் மடிப்புகளின் ஆழத்தில், சிறு ரத்தக்குழாய்களைச் சுற்றி டௌ சேர்கிறது.

கேம்பிரிட்ஜில் மிஷேல் கோடெர்ட், ஷோர்ஸ் ஷெரஸ் குழுவினர் 2017இல் அல்சைமர் மூளையிலிருந்து எடுத்த டௌ இழையின் அணு அமைப்பை வெளியிட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் மற்ற நோய்களின் இழைகளும் வந்தன. நோய்க்கு நோய் புரதத்தின் மடிப்பு வேறு. சாயத்தை மட்டும் நம்பிப் பிரித்து வைத்தவர்களின் கண்ணுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடைத்துவிடாது.

அல்சைமருக்கு இப்போது ரத்தத்தில் பி-டௌ217 அளக்கும் பரிசோதனை வந்திருக்கிறது. மனதார வரவேற்கிறேன். பி.எஸ்.பி.க்கும் சி.பி.டி.க்கும் அப்படியொன்று இன்னும் நம் கைக்கு வரவில்லை. பி.எஸ்.பி.க்காகச் சோதித்த இரண்டு டௌ எதிர்ப்பொருள் மருந்துகளும் 2019இல் பலனில்லை என்று நிறுத்தப்பட்டன. ஆகவே ஒரு குடும்பம் மூளைதானத்துக்குச் சம்மதிக்கும்போது ஒரு துண்டு போதும் என்று நான் சொல்வதில்லை. நெற்றிப் புறணி, அடித்தள உட்கருக்கள், மூளைத்தண்டு, சிறுமூளை எல்லாம் வேண்டும் என்று பொறுமையாக விளக்கிக் கேட்கிறேன்.