கடலுக்குக் கொடுக்கும் வாடகை

கடற்கரையில் ஒரு பழைய வீடு, தாழ்வாரத்தில் ஒரு சாய்வு நாற்காலி, கையில் ஒரு புத்தகம்: இந்த ஆசை இல்லாத மனிதர் அபூர்வம். கதை எழுதுகிறவர்களுக்கு இந்த வியாதி கொஞ்சம் அதிகம். என் கதாநாயகர்கள் இரண்டு பேரை அப்படிப்பட்ட வீட்டில் குடிவைத்திருக்கிறேன், வாடகை வாங்காமல்தான். ஆனால் கடலோர வீட்டுக்கு வாடகை உண்டு. அதைக் கொடுத்துவருகிற ஒருத்தியை எனக்குத் தெரியும். தரங்கம்பாடியில் இருக்கும் என் அத்தை.

தரங்கம்பாடிக்குக் கல்வெட்டில் சடங்கன்பாடி என்று பெயர். 1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டென்மார்க்குக்காரர்கள் அங்கே டேன்ஸ்பர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1845ல் ஊரை இங்கிலீஷ்காரர்களுக்கு விற்றுவிட்டார்கள். இங்கிலீஷ்காரர்களும் ஒருநாள் போனார்கள். மாயவரத்திலிருந்து வந்துகொண்டிருந்த ரயில்கூட 1986ல் நின்றுபோயிற்று. போகாமல் இருப்பது கடல் ஒன்றுதான். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அது கரைத்துத் தின்றுவிட்டது. ஈசுவரனையே விட்டுவைக்காத கடல், அத்தையை மட்டும் எதற்காக விட்டுவைக்க வேண்டும்?

கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. உருண்டைத் தூண்கள் தாங்கும் தாழ்வாரம். ஒரு முழத்துக்கும் மேல் கனமான சுவர்கள். தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பால் பிணைத்த மெத்தை. சித்திரை வெயிலிலும் கூடத்து வெறுந்தரையில் படுத்தால் உடம்பு குளிர்ந்துவிடும். ராத்திரி அலைச் சத்தம், பக்கத்து அறையில் யாரோ நெல்லைக் கொட்டி அளப்பதுபோல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. தனியாக இருக்கிறாள். பெங்களூரில் வேலையாக இருக்கும் அவள் பிள்ளை போன மாதம் என்னிடம், “நீ சொன்னால் அம்மா கேட்பாள். வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்து இருக்கச் சொல்” என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் கூடம்வரை வந்தது. அத்தை மாயவரத்தில் பெண் வீட்டுக்குப் போயிருந்ததால் பிழைத்தாள். ஊரில் எத்தனையோ பேர் பிழைக்கவில்லை.

போய் ஒரு வாரம் தங்கினேன். வெள்ளிக்கிழமைதோறும் கதவுக் கீல்களுக்குத் தேங்காயெண்ணெய். இரும்புக் கொக்கி துருப்பிடித்தால், பருத்துச் சுவரைப் பிளந்துவிடும். ஆகவே ஒவ்வொன்றாகப் பித்தளைக்கு மாற்றியாகிறது. பொங்கலுக்கு வெள்ளையடிப்பு. இதுதான் கடலுக்குக் கொடுக்கும் வாடகை. ஒரு தவணை தவறினால் அது வட்டியோடு வசூலித்துவிடும்.

அந்த ஆழிப்பேரலைக்குப் பிறகு, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பிள்ளை, முதல் சம்பாத்தியத்தில் கிழக்குச் சுவருக்குச் சிமிண்டு பூசிக்கொடுத்தானாம். மூன்று வருஷத்தில் பூச்சு உப்பி உதிர்ந்தது. உள்ளே செங்கல் மாவாகியிருந்தது. வயதான கொத்தனார் ஒருவர் வந்து பார்த்தார். “சுண்ணாம்பு என்றால் சுவர் மூச்சு விடும், ஈரம் வெளியே போய்விடும். சிமிண்டு வாயைப் பொத்திவிடுகிறது. உள்ளே தங்கின உப்பு கல்லையே அரித்துவிடும்” என்றார். கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்து மறுபடி பூசினார். அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது.

கிளம்புவதற்கு முதல் நாள் பேச்சை எடுத்தேன்.

“கடலைக் கண்டால் பயமாக இல்லையா, அத்தை?”

“பயமில்லாமல் என்னடா? ராத்திரி காற்று மாறினால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். ஆனால் பெங்களூரில் பகல் முழுவதும் அல்லவா சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்? அது இதைவிடப் பயம்.”

எனக்குப் பதில் வரவில்லை. வீடு அவளைக் காப்பாற்றுகிறதா, அவள் வீட்டைக் காப்பாற்றுகிறாளா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் ஒன்றை எடுத்துவிட்டால் இன்னொன்று நிற்காது என்பது மட்டும் தெரிந்தது.

ஊருக்கு வந்ததும் அவனுக்கு எழுதினேன்: “ஐப்பசியில் பதினைந்து நாள் அம்மாவோடு இரு. கீலுக்கு நீ எண்ணெய் போடு. அப்புறம் விற்பதைப் பற்றி மூன்று பேருமாகப் பேசலாம்.”

லீவு கிடைக்குமா என்று பார்ப்பதாகப் பதில் போட்டிருக்கிறான். அதற்குள் அத்தை மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டாளாம்.