சமையல் மேடை தந்த சம்பளம்

குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோது மருமகள் ஹாலில் போனில் பேசிக்கொண்டிருந்தார். அடுப்பை அணைக்க எழுந்து வர ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. தட்டில் இருந்த ஆறு மெதுவடையில் மிச்சம் இரண்டு. மேடையின் விளிம்பில் இரண்டு கால் தடங்கள். ஹால் மூலையில், நடந்ததற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல மின்விசிறியைப் பார்த்தபடி காலு.

தில்லி மயூர் விஹாரில் இரண்டாவது மாடி ஃபிளாட். பாட்டி, மகன், மருமகள், 12 வயதுப் பேரன். 2024 டிசம்பர் குளிரில் பால் பூத்துக்குப் பின்னால் கோணிக்குள் நடுங்கிக்கொண்டிருந்த கறுப்புக் குட்டியை ஸ்வெட்டருக்குள் மறைத்து எடுத்துவந்தவன் பேரன்தான். கறுப்பன் என்று ஹிந்தியில் பெயர் வைத்தவர் காலனியின் காவலாளி. தடுப்பூசிகள் போட்டாயிற்று, வீட்டுக்குள் அசுத்தம் செய்யாமல் பழக்கியாயிற்று. முதல் ஆறு மாதம் குடும்பத்துக்கும் காலுவுக்கும் தேனிலவு.

பிறகு அவனுக்குக் கால்கள் வளர்ந்தன. மேடையின் உயரம் 33 அங்குலம். பின்னங்கால்களில் நின்றால் முகவாய் மேடையில் பதிகிற அளவுக்கு ஜூன் மாதம் வளர்ந்திருந்தான். அந்த ஒரே மாதத்தில் காணாமல் போனவை: அரை பாக்கெட் வெண்ணெய், ஏழு சப்பாத்தி, ஒரு கட்டி பனீர், கொழுக்கட்டைக்காகக் கிளறி வைத்திருந்த தேங்காய்ப் பூரணம் முழுவதும்.

பாட்டிக்கு இது வெறும் திருட்டு அல்ல. குளிக்காமல் அடுப்பங்கரைக்குள் கால் வைக்காதவர் அவர். நாய் வாய் வைத்த மேடையைக் கழுவிக் கழுவியே அவருக்கு முழங்கை வலி வந்துவிட்டது. "எடுத்த இடத்துலயே கொண்டு விட்டுட்டு வா. இல்லேன்னா என்னைச் சென்னைக்கு ரயில் ஏத்திடு" என்று ஆகஸ்ட் முதல் வாரத்தில் மகனிடம் சொல்லிவிட்டார்.

எடுத்த இடம் அதற்குள் மாறிப்போயிருந்தது. 2025 ஆகஸ்ட் 11 அன்று, தில்லித் தெரு நாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விடலாம், வெறிநோய் உள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் மட்டும் விடக்கூடாது என்று 22ஆம் தேதி அது திருத்தப்பட்டது. இடைப்பட்ட நாட்களில் பேரன் சரியாகச் சாப்பிடவில்லை. "இப்ப அங்க விட்டா வண்டியில பிடிச்சுப் போட்டுட்டுப் போயிடுவாங்க பாட்டி" என்று அழுதான். பாட்டி பதில் சொல்லவில்லை. ரயில் பேச்சையும் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

ஆக, காலுவைத் திருத்தியாக வேண்டும். யோசனை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமா? சுருட்டிய செய்தித்தாளால் மூக்கில் தட்டச் சொன்னார் எதிர் ஃபிளாட்காரர். தட்டினார்கள். அவர்களைக் கண்டால் பதுங்கினானே தவிர, வடையைக் கண்டால் பதுங்கவில்லை. தண்ணீர் பீய்ச்சும் பாட்டில் வாங்கினார் மகன். தில்லியின் புழுக்கத்தில் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் என்று வாயைத் திறந்தான் காலு. மேடை விளிம்பில் காலி டின்களை அடுக்கினார்கள். முதல் நாள் சத்தத்தில் அலறி ஓடியவன், மூன்றாம் நாள் டின் இல்லாத ஓரமாக ஏறினான். யாரோ சொல்லி மிளகாய்ப் பொடி தூவியதில் நாயும் வீடும் சேர்ந்து தும்மின. கண்ணும் மூக்கும் எரிந்து அது பட்ட பாட்டைப் பார்த்து மருமகளே பொடியைத் துடைத்து எடுத்தார்.

"செய்யறது தப்புன்னு அதுக்கே தெரியும். மூஞ்சியைப் பாருங்க" என்பார் மகன். காதை மடக்கி, கண்ணைத் தாழ்த்தி, வாலை ஒடுக்கி நிற்கும் அந்தக் குற்றவாளி முகம் நாய் வளர்க்கும் எல்லோருக்கும் பரிச்சயமானது. அது குற்ற உணர்ச்சிதானா என்று 2009இல் சோதித்துப் பார்த்தார் நியூயார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ். தின்னக் கூடாது என்று சொல்லிவிட்டு எஜமானர் வெளியே போனார். திரும்பி வந்தபோது, நாய் தின்றதா இல்லையா என்று அவரிடம் சில சமயம் உண்மையும் சில சமயம் பொய்யும் சொல்லப்பட்டது. அந்த முகம் நாய் தின்றதைப் பொறுத்து வரவில்லை. எஜமானர் திட்டுவதைப் பொறுத்தே வந்தது. ஒரு தப்பும் செய்யாத நாயும் திட்டு வாங்கும்போது அதே முகத்தைக் காட்டியது.

2003இல் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் நடந்த ஆய்வு வேறொரு விஷயத்தைக் காட்டியது. தின்னாதே என்று தடுத்த மனிதர் பார்த்துக்கொண்டிருந்தால் நாய்கள் பெரும்பாலும் அடங்கியிருந்தன. அவர் கண்ணை மூடினாலோ, முதுகைத் திருப்பினாலோ, கம்ப்யூட்டர் விளையாட்டில் மூழ்கினாலோ அதிகமாக எடுத்துத் தின்றன. மேடையில் ஏறக் கூடாது என்ற பாடம் காலுவின் மண்டையில் ஏறவே இல்லை. யாராவது பார்க்கும்போது ஏறக் கூடாது என்ற பாடம் நன்றாக ஏறியிருந்தது.

பார்க்காதபோது மேடை அவனுக்குச் சம்பளம் கொடுத்தது. அதுவும் தினமும் அல்ல, எப்போதாவது. எப்போதாவது கிடைக்கும் பரிசுதான் ஒரு பழக்கத்தை அழியாமல் வைத்திருக்கும் என்பதை அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரும் அவர் சகாவும் 1957இலேயே ஒரு தடித்த புத்தகமாக எழுதிவிட்டார்கள். ஒன்பது தடவை காலியாக இருந்த மேடையில் பத்தாவது தடவை ஒரு சப்பாத்தி கிடைத்தால், அடுத்த இருபது தடவை ஏறிப் பார்க்க அது போதும். லாட்டரிச் சீட்டு வாங்குகிறவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இதெல்லாம் புரிவதற்கு முன்பே ஆகஸ்ட் கடைசியில் பேரனின் பிறந்தநாள் வந்தது. பாட்டி 30 வருட தில்லி வாசத்தில் கற்ற இனிப்புப் புளிச் சட்னியைத் தயிர்வடைக்காகச் செய்தார். புளி, வெல்லம், பேரீச்சை, கை நிறைய கிஸ்மிஸ். கிண்ணத்தை ஆறுவதற்காக மேடையில் வைத்துவிட்டு விளக்கேற்றப் போனார். திரும்பியபோது கிண்ணம் தரையில் கிடந்தது. நக்கி நக்கிப் பளபளவென்று ஆக்கியிருந்தான் காலு.

சட்னி போனால் போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மருமகளுக்கு மட்டும் கிஸ்மிஸ் பற்றி எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தார். உடனே கொண்டுவரச் சொன்ன அவர், அரை மணி நேரத்துக்குள் மருந்து கொடுத்து வாந்தி எடுக்க வைத்து, டிரிப் ஏற்றினார்.

திராட்சையும் கிஸ்மிஸும் நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கலாம் என்பது மருத்துவர்களுக்குப் பல வருடங்களாகத் தெரியும். காரணம் மட்டும் புதிராக இருந்தது. அவற்றில் உள்ள டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அமெரிக்காவின் விலங்கு நச்சு உதவி மையத்து மருத்துவர்கள் 2021இல் சுட்டிக்காட்டினார்கள். அடுத்த வருடம் வெளியான மருத்துவக் கட்டுரை, புளி தின்ற நாய்களிடமும் அதே சிறுநீரகப் பாதிப்பைப் பதிவு செய்தது. புளியின் புளிப்புக்கு முக்கியக் காரணமே அந்த அமிலம்தான். இவ்வளவு தின்றால் ஆபத்தில்லை என்று நிச்சயமாகக் கோடு போட முடியாது என்பதால், தின்றது தெரிந்த உடனே ஓட வேண்டும். வாந்தி சில மணி நேரத்திலேயே வரலாம். சிறுநீரகம் கெட்டது ரத்தப் பரிசோதனையில் தெரிய ஓரிரு நாள் ஆகலாம்.

டிரிப் ஏறிக்கொண்டிருக்கும்போது மருத்துவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சட்னி ஏன் மேடையில் இருந்தது?"

பகலில் டிரிப், இரவில் வீடு என்று இரண்டு நாள். எத்தனை தடவை சிறுநீர் கழிக்கிறது என்று கவனிக்கச் சொல்லியிருந்தார். காலுவின் நிழல் விழுந்தாலே புடவையை ஒதுக்கிக்கொள்ளும் பாட்டி, இரண்டு இரவும் ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பேரனைத் துணைக்கு எழுப்பிக் கீழே கூட்டிப் போகச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் காலண்டரிலிருந்து கிழித்த தாளில் நேரத்தைக் குறித்துக்கொள்வார். மூன்றாம் நாள் எடுத்த ரத்தத்திலும் கிரியேட்டினின் அளவு சரியாக இருந்தது. அந்தத் தாளைப் பாட்டி கசக்கிப் போடவில்லை, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

மாற்றம் மேடையிலிருந்து தொடங்கியது. சமைத்தது எதுவும் மேடையில் ஆறக்கூடாது. ஃபிரிஜ், அலமாரி, அல்லது மூடி போட்டு மேல் தட்டு. வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், சாக்லேட் இதயத்தைப் பாதிக்கும், சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் சேர்க்கும் ஸைலிடால் ரத்தச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கும் என்பதால் இவற்றுக்குக் கதவு வைத்த அலமாரி. குப்பைக் கூடை சிங்க்குக்குக் கீழே, கொக்கி போட்ட கதவுக்குள். இரவில் சிலிண்டரில் ரெகுலேட்டரை மூடிவிடுவது. 2024இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் அடுப்பின் மேல் தாவிய ஒரு நாய் திருகைத் திருப்பி, மேலே இருந்த அட்டைப் பெட்டிகள் தீப்பிடித்ததை அந்த வீட்டு கேமராவே படம் பிடித்திருந்தது.

விதியை மீறி எதையாவது மேடையில் விட்டவர் டப்பாவில் 10 ரூபாய் போட வேண்டும் என்பது பேரனின் சட்டம். முதல் மாதம் அதிகம் கட்டியவர் அவன் அப்பா.

ஏறாதே என்பது மட்டும் நாய்க்குப் போதாது. எங்கே இருக்க வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். சமையலறை நிலைக்கு வெளியே ஒரு பழைய ஜமுக்காளத்தை மடித்துப் போட்டார்கள். பாட்டி காய் நறுக்கும்போது நாலு காலும் தரையில் இருந்தால், வேகவைத்த கேரட் துண்டு ஒன்று ஜமுக்காளத்தில் விழும். கையில் கொடுப்பதில்லை, மேடைப் பக்கம் போடுவதும் இல்லை. முதலில் சில விநாடிக்கு ஒரு துண்டு, பிறகு நிமிடத்துக்கு ஒன்று. பாட்டி கத்தியை எடுத்தால் தானாகவே ஜமுக்காளத்துக்குப் போக ஐந்து நாளில் பழகிவிட்டான். காலை நடை நீண்டது. அவன் சாப்பாட்டில் ஒரு பங்கைப் பழைய டவலில் சுருட்டி வைத்து, மோந்து பார்த்துத் தேட விட்டார்கள். தேடி எடுக்கும் வேலை அங்கே கிடைத்ததால் வீட்டுக்குள் கொஞ்சம் அமைதி.

பத்தாவது நாள் எல்லாம் தலைகீழானது. காலு முன்னைவிட மோசமாகத் தாவினான், குரைத்தான், அரிசி டிரம்மை உருட்டினான். "இது உருப்படாது" என்றார் மகன். வழக்கமாக வந்த சம்பளம் நின்றால் கைவிடுவதற்கு முன்னால் ஒரு தடவை பலமாகக் கேட்டுப் பார்ப்பது எந்தப் பிராணிக்கும் இயல்பு. மருத்துவர் இதை முன்கூட்டியே சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் மனம் இளகி ஒரு துண்டு போட்டால், பலமாகக் கேட்டால் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்ததாக ஆகும். யாரும் போடவில்லை. நாலு நாளில் அடங்கியது. மூன்றாவது வாரம் மகன் மேடையில் விட்டுப் போன ஆம்லெட் ஒன்றால் மறுபடி ஒரு வாரம் பின்னால் போனார்கள். டப்பாவில் 10 ரூபாய்.

2025 தீபாவளிக்கு நொய்டாவிலிருந்து உறவுக்காரர்கள் வந்தார்கள். வந்த அம்மாள் தான் கொண்டுவந்த முறுக்குத் தட்டைப் பழக்க தோஷத்தில் மேடை ஓரத்தில் வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தார். காலு ஜமுக்காளத்தில் எழுந்து நின்றான். தட்டைப் பார்த்தான், பாட்டியைப் பார்த்தான். வாயில் எச்சில் ஒழுகியது.

"நாயை ஒரு அதட்டு அதட்டுங்க மாமி" என்றார் வந்தவர்.

பாட்டி நாயை ஒன்றும் சொல்லவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்த் தட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். ஒரு துண்டு கேரட்டை ஜமுக்காளத்தில் போட்டார். பிறகு டப்பாவை எடுத்துவந்து விருந்தாளி முன்னால் நீட்டினார்.