தேய்ந்த டிஸ்க்கும் கறுப்புத் தூசியும்

சென்னை புதுப்பேட்டையில் ஒரு ஷட்டர் அகலமே உள்ள ஒர்க்‌ஷாப். 2019 ஏப்ரலில் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கெல்லாம் ஏபிஎஸ் கட்டாயமான பிறகு டிஸ்க் வேலை பெருகிவிட்டது என்றார் மெக்கானிக். அந்த வேலையைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

சாப்பாடு டெலிவரி செய்யும் தம்பி ஒருவர் 150 சிசி வண்டியோடு வந்தார். பிரேக் பிடித்தால் கர்ரென்று சத்தம். மெக்கானிக் முன்சக்கரத்தைச் சுற்றி, டிஸ்க்கின் மேல் நகத்தை ஓட்டினார். வரிவரியாகப் பள்ளம்.

"பேடு முழுசாப் போயி, பின்தகடு டிஸ்க்கைத் தின்னுடுச்சு தம்பி."

"பேடு மட்டும் போடுங்கண்ணே. டிஸ்க் அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

வெர்னியரை வைத்து அளந்து காட்டினார். டிஸ்க்கில் பொறித்திருந்த குறைந்தபட்சக் கனம் 3.5 மி.மீ.; இருந்தது 3.1. மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடேறும், வளையும். பள்ளத்தில் புதுப் பேடும் முழுசாகப் பதியாது. "காசு ரெண்டு தவணையாக் குடு. இப்படியே அனுப்ப மாட்டேன்."

காலிப்பரைக் கழற்றியதும் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். அதன் பாரம் ஹோஸில் விழக்கூடாது. டிஸ்க்கின் ஆலன் போல்ட்டுகள் அசையவில்லை. சாவியைச் செருகி, தலையில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, பைப் மாட்டித் திருப்பினார். புது டிஸ்க்கின் எண்ணெய்ப் பூச்சைத் துடைத்தெடுத்து, போல்ட்டுகளை எதிரெதிராக முடுக்கினார். பிஸ்டனின் ஓரத்தைத் துடைத்த பிறகே உள்ளே தள்ளினார். அழுக்கோடு தள்ளினால் சீல் கிழியும். சறுக்குப் பின்களுக்கு மட்டும் துளி கிரீஸ். பேடின் முகத்தில் விரலே படவில்லை.

கடைசியில் பிரேக் லிவர். முதல் சில அழுத்தலுக்கு அது வெறுமனே உள்ளே போனது. பிஸ்டன் வந்து பேடைத் தொட்டு, லிவர் கெட்டியாகும் வரை அழுத்திக்கொண்டே இருந்தார். இதை மறந்து வண்டியைக் கொடுத்தால் முதல் சிக்னலிலேயே பிரேக் இருக்காது. "நாலஞ்சு நாள் பாத்து ஓட்டு, பேடு செட் ஆகணும்" என்று சொல்லி அனுப்பினார்.

எனக்கு ஆறாதது ஒன்று. காலிப்பரைக் கழற்றியபோது உதவியாளர் கம்ப்ரஸர் காற்றைப் பீய்ச்சினார். கறுப்புத் தூசி மூவர் முகத்திலும் அடித்தது. இந்தியாவில் வெள்ளைக் கல்நாருக்கு முழுத் தடை கிடையாது. மலிவுப் பேடில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. கல்நார்த் தூசி நுரையீரலில் தங்கினால், நோய் பல ஆண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும். கேட்டதற்கு, "பழகிடுச்சு சார்" என்றார் மெக்கானிக். அடுத்தவர் உயிருக்காக 0.4 மி.மீ. கணக்குப் பார்த்த மனிதர் அவர்! காற்றுக்குப் பதில் ஈரத்துணியால் துடைத்தாலே பெருமளவு தூசி பறக்காது. பேடின் உறையில் கல்நார் உண்டா இல்லையா என்று தமிழில் அச்சிடச் சட்டம் வேண்டும். அதுவரை ஒவ்வொரு பேடையும் கல்நார் உள்ளதாகவே நினைத்துத் தொட வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். உதவியாளர் அப்போதே பழைய பனியன் துணி ஒன்றைத் தண்ணீரில் நனைத்தார்.