ஒழுக்கின் ஊற்றிடம்

மலைநாட்டிலே மோட்டார் வாகனம் வைத்திருப்போர் காலையில் எழுந்ததும் முதலில் நோக்குவது வானத்தை. அடுத்து நோக்குவது வாகனத்தின் அடிப்புறத்தை. பதுளை நகரின் ஒடுங்கிய தெருக்களிலும், பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டப் பாதையோரங்களிலும் இரவு முழுவதும் நின்ற வேன்களின் கீழே காணப்படும் ஓர் ஈரத்துளிக்கு ஒரு குடும்பத்தின் பல மாத வருமானத்தை விழுங்கிவிடும் ஆற்றல் உண்டு. இதனை மக்கள் 'ஒழுக்கு' என்பர். ஒழுக்கும் ஒழுக்கமும் ஒரே அடியிற் பிறந்த சொற்கள் என்பதைத் தமிழ் பயில்வோர் அறிவர். வாகனத்தைப் பொறுத்தவரை முன்னையது தோன்றியதும் பின்னையது கெட்டுவிடுகின்றது.

தோட்டத்துத் துரைமாரின் லாண்ட் றோவர்களும் ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் ஊவா மலைகளில் ஏறி இறங்கிய காலத்தில் ஒழுக்கு ஒரு பெருங்குறையாகக் கருதப்படவில்லை. எண்ணெய் சொட்டாத லாண்ட் றோவர் என்றால் அதனுள் எண்ணெயே இல்லை என்று பொருள் என்பது உலகெங்கும் வழங்கும் பகிடி. அக்காலத்துக் கியர்ப்பெட்டி கையால் மாற்றப்படுவது. அதனுள்ளே இருந்த தடித்த எண்ணெய்க்குப் பற்சக்கரங்கள் தேயாமற் காப்பதே தலையாய வேலை. எண்ணெய் சிறிது குறைந்தாலும் வண்டி ஊர் போய்ச் சேரும்.

1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதன் பின்னர் யப்பானிலிருந்து பாவித்த வாகனங்கள் பெருந்தொகையாக வந்தன. அவற்றோடு தானியங்கிக் கியர்ப்பெட்டியும் இம்மலைகளில் ஏறிற்று. மக்கள் வழக்கில் அது 'ஓட்டோ கியர்'. அமெரிக்காவிலே 1940ஆம் ஆண்டு மாதிரியான ஓல்ட்ஸ்மொபில் கார்களிற் பெருமளவில் அறிமுகமான இப்பொறியில் எண்ணெயின் பணி முற்றிலும் வேறானது. எஞ்சினின் சுழற்சியைக் கியர்ப்பெட்டிக்குக் கடத்துவது எண்ணெய். உள்ளிருக்கும் கிளச்சுத் தட்டுகளை அழுத்திப் பிடிப்பது எண்ணெய். வெப்பத்தை வெளியே கொண்டு செல்வதும் எண்ணெயே. அது குறையுமிடத்து உள்ளேயுள்ள பம்பு எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சுகின்றது. நுரை உண்டாகின்றது, அழுத்தம் தளர்கின்றது, தட்டுகள் பிடிமானம் இழந்து வழுக்குகின்றன. வழுக்கலால் வெப்பம் பெருகுகின்றது. வெப்பத்தால் எண்ணெய் கருகுகின்றது. கருகிய எண்ணெயிலே தட்டுகள் மேலும் வழுக்குகின்றன. கொழும்பின் சமதரையில் மாதக்கணக்கில் வெளித்தெரியாத இக்கேடு, ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளையிலிருந்து 1,400 மீற்றருக்கு மேலுள்ள ஹப்புத்தளைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு முறை போகும்போதே வெளிப்பட்டுவிடக் கூடும். இறக்கத்திலோ, கியர் பிடித்துவைக்க வேண்டிய பாரம் முழுவதும் பிறேக்கின் தலையில் விழுகின்றது. எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியை அறிந்தோருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

இவ்வெண்ணெய்க்குச் சிவப்புச் சாயம் ஊட்டப்படுவது அழகுக்காக அன்று. எஞ்சின் எண்ணெயிலிருந்து அதனைப் பிரித்தறிவதற்காகவே. ஒரு காலத்தில் இதனுள்ளே திமிங்கில எண்ணெயும் கலக்கப்பட்டது என்பது பலர் அறியாத செய்தி. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதனைத் தடைசெய்தபோது, ஈடாக வேறு சேர்மங்களைத் தேடவேண்டிய நெருக்கடி எண்ணெய் உற்பத்தியாளருக்கு ஏற்பட்டது. கடலின் ஆழத்து உயிரொன்று மலைப்பாதையில் ஏறும் வண்டிகளுக்கு நெடுங்காலம் கடன் கொடுத்திருந்ததை எண்ணும்போது வியப்பே எஞ்சுகின்றது.

ஆயினும் சிவப்பை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லுதல் பிழையாகும். ஸ்டியரிங் பம்பின் எண்ணெயும் பல வாகனங்களிற் சிவப்பே. டொயோட்டா வாகனங்களின் றேடியேற்றர்க் குளிர்நீரும் பெரும்பாலும் சிவப்பு. அது நீர்போல ஓடும், சற்று இனிப்பான வாசனை வீசும், விரலிடையே தேய்த்தால் எண்ணெயின் வழுவழுப்பு இராது. பழைய கியர் எண்ணெயோ சிவப்பை இழந்து கபில நிறம் கொண்டிருக்கும். கருகியதாயின் அதன் நெடி மூக்கை உறுத்தும். புதிய வகைக் கியர்ப்பெட்டிகள் சிலவற்றுக்குப் பச்சை எண்ணெயும் வருகின்றது. வெள்ளைத் தாளொன்றில் ஒரு துளியை ஏந்திப் பார்த்தல் எளிய சோதனை. நீர் பரவி உலர்ந்துவிடும். எண்ணெய் தாளை ஒளி ஊடுருவச் செய்து நிலைத்து நிற்கும்.

இது எந்த எண்ணெய் என்பதை அறிவது பாதி வேலை. எங்கிருந்து வருகின்றது என்பதை அறிவதிலேதான் பணமும் மானமும் தங்கியிருக்கின்றன. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பாடசாலைப் பிள்ளைகளையும், அவசர வேளைகளில் பதுளை வைத்தியசாலைக்கு நோயாளரையும் ஏற்றிச் செல்லும் ஒரு வேன் சாரதிக்கு நேர்ந்தது இதற்குத் தக்க சான்று. எஞ்சினும் கியர்ப்பெட்டியும் பொருந்தும் மூட்டின் அடியிலே சிவப்பு எண்ணெய் சொட்டிற்று. அவர் முதலில் நாடிய இடத்தில் வண்டியை உயர்த்தி ஒரு கணம் நோக்கிவிட்டு, முன்பக்கத்து ஒயில் சீல் போய்விட்டது, கியர்ப்பெட்டியை இறக்கவேண்டும், இறக்கினால் கொழும்புப் பஞ்சிகாவத்தையிலிருந்து வேறொரு பெட்டி எடுத்துப் போடுவதே மேல் என்று கூறிவிட்டனர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளிற் பழைய வண்டியின் விலையும் பழைய உதிரிப்பாகத்தின் விலையும் எவ்வாறு உயர்ந்தன என்பதை யாவரும் அறிவர். லீசிங் கட்டணம் முடியாத வண்டிக்கு மற்றொரு கியர்ப்பெட்டி என்பது அச்சாரதிக்கு மனைவியின் நகையையே குறித்தது.

அவர் இரண்டாவதாகச் சென்றது, தோட்டத்து லயத்திற் பிறந்து, பன்னிரண்டு வயதிலே கராஜுக்கு வேலை பழகப் போன ஒரு முதிய பாஸிடம். அவர் வண்டியின் அடியிலே உடனே படுக்கவில்லை. இரவில் வண்டி எங்கே நிற்கும், எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கும், துளி எப்போது மிகுதி, ஓட்டி வந்ததுமா, நெடுநேரம் நின்ற பின்னா என்று கேள்விகள் கேட்டார். லயத்தின் முன்னே ஏற்றத்தை நோக்கி நிற்கும், ஓட்டி வந்ததும் மிகுதி, ஒரு மணித்தியாலத்தில் நின்றுவிடும், நகரத்திலே சமதரையில் நிறுத்தினால் துளி இன்னும் முன்னாலே விழும் என்று விடை வந்தது.

"மொதல்ல கழுவுவோம் தம்பி. எண்ணெ எங்க விழுதுங்கிறது எனக்கு வேணாம், எங்கருந்து எறங்குதுன்னு பாப்போம்" என்றார் அவர்.

இக்கேள்விகளின் நுட்பத்தைப் பலர் உணர்வதில்லை. முன்பக்கத்துச் சீல் கெட்டிருந்தால், கொன்வேட்டரினுள்ளே நிற்கும் எண்ணெய் மெல்ல வடிந்து, நின்ற வண்டியிலும் நெடுநேரம் சொட்டும். எஞ்சின் ஓடும்போது மாத்திரம் மிகுந்து பின்னர் ஓய்ந்துவிடும் ஒழுக்கோ அழுத்தமுள்ள குழாயொன்றைச் சுட்டுகின்றது. மேலும், துளி விழும் இடம் எண்ணெய் பிறந்த இடமன்று. எண்ணெய் மேலேயிருந்து இறங்கி, இரும்புக் குழாயின் முதுகிலே ஊர்ந்து, ஓடும்போது காற்றால் பின்னே தள்ளப்பட்டு, எங்கே மிகத் தாழ்ந்த விளிம்பு கிடைக்கின்றதோ அங்கேயே சொட்டுகின்றது. சரிவிலே நிறுத்தப்பட்ட வண்டியில் இவ்வழி இன்னும் நீளும். ஆகவே நனைந்த பகுதிகளுள் எது மிக உயரத்திலும் மிக முன்னாலும் உள்ளதோ அதுவே ஐயத்துக்குரியது.

மண்ணெண்ணெயாலும் சவர்க்காரத் தூளாலும் அடிப்புறம் முழுவதும் கழுவப்பட்டது. உலர்ந்தபின் குழந்தைக்குப் பூசும் பவுடர் தூவப்பட்டது. ஊவாவின் காலநிலையும் இதற்குத் துணை செய்தது எனலாம். தேயிலைக்கு மணம் ஊட்டுவதாகப் போற்றப்படும் யூலை முதல் செப்டெம்பர் வரையிலான வறண்ட காற்றுக் காலம் அது. தோட்டப் பாதையின் புழுதி எண்ணெய்பட்ட இடத்தையெல்லாம் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். மார்கழி மழையிலே இதே சோதனையைச் செய்ய முனைந்தால் தண்ணீரே சாட்சியை அழித்துவிடும். ஹாலி-எல வரை ஓட்டித் திரும்பி வந்து, வண்டியின் கீழே அகன்ற காட்போட் அட்டை ஒன்றை விரித்தார்கள். மூட்டின் மேற்பகுதி வெண்மையாகவே இருந்தது. கியர்ப்பெட்டித் தட்டின் பக்கிங்கும் உலர்ந்திருந்தது. முன்னாலே, றேடியேற்றரின் அடியில் எண்ணெயைக் குளிரவைப்பதற்காகச் செல்லும் குழாயின் றப்பர்த் துண்டிலே, கிளிப்பின் ஓரத்திற் பவுடர் சிவந்து பசையாகியிருந்தது. அங்கிருந்து இரும்புக் குழாய் வழியே பின்னோக்கி ஒரு மெல்லிய கோடு.

றப்பர்த் துண்டைக் கழற்றி விரலால் அமுக்கியபோது அது ஊறிய அப்பம்போல மெத்தென்றிருந்தது. எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற 2022 இல், எண்ணெய்க்குரிய குழாய் கிடைக்காமல், தண்ணீருக்குரிய சாதாரணக் குழாயை வெட்டி யாரோ பொருத்தியிருந்தனர். அத்தகைய றப்பரைச் சூடான எண்ணெய் ஊறவைத்து உருக்குலைத்துவிடும். அந்நாளில் அதனைச் செய்தவரைப் பழிக்க முடியாது. வண்டி ஓடாவிட்டால் அடுப்பும் எரிந்திராது. ஆனால் அக்குழாய் ஒருநாள் பசறை வீதியின் ஏற்றத்தில் முற்றாகக் கழன்றிருந்தால், சில நிமிடங்களிற் பெட்டி வெறுமையாகியிருக்கும். முதலிற் சொல்லப்பட்டபடி புதிய பெட்டி வாங்கிப் பொருத்தியிருந்தாலும், அதே குழாய் அந்தப் பெட்டியையும் கொன்றிருக்கும்.

உரிய குழாய் இரண்டு துண்டும் நான்கு கிளிப்புகளும் போதுமானவையாயின. பின்னர் எண்ணெய் நிரப்புவதிலும் பாஸ் அவசரம் காட்டவில்லை. எஞ்சின் சூடேறி ஓடிக்கொண்டிருக்க, கியர்க் கோலை எல்லா நிலைகளுக்கும் ஒரு முறை நகர்த்தித் திரும்பவும் நிறுத்த நிலையில் வைத்து, அளவுக்கோலின் சூட்டுக்குறி வரை அரை அரை லீற்றராக ஊற்றினார். அளவுக்கு மேல் நிறைத்தால் எண்ணெய் நுரைத்து மேலேயுள்ள காற்றுத்துளை வழியே பீறிடும்; அதனைக் கண்டு இன்னொரு ஒழுக்கென்று மயங்கி மீண்டும் வண்டியைப் பிரித்தோர் உண்டு.

வண்டியின் வாற்பக்கத்துச் சீலிலும் சற்று ஈரம் தென்பட்டது. சாரதி அதனையும் மாற்றிவிடலாமா என்று கேட்டார். புழுதி படிந்த அந்த ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்த பாஸ், அது கசிவேயன்றி ஒழுக்கன்று, துளியாகத் திரளும்வரை அதற்குச் செலவு வேண்டாம் என்று கூறி, கிழமைக்கு ஒரு தடவை அளவுக்கோலை இழுத்துப் பார்த்து அளவை ஒரு கொப்பியிலே குறித்துவரச் சொன்னார். பிள்ளைகளை ஏற்றும் நேரம் நெருங்கிவிட்டதால் அட்டையையும் மீதி எண்ணெய்ப் போத்தலையும் பின்னிருக்கையின் கீழே வைத்துக்கொண்டு சாரதி பசறைக்குப் புறப்பட்டார்.