என் அக்கா பையன் ஏன் நடக்க மாட்டேன்னான்?

இது கொஞ்சம் நீளமான த்ரெட். உங்க வீட்ல ஆட்டிசம் உள்ள குழந்தை இருந்து, அதுக்கு வயித்துத் தொந்தரவும் இருந்து, "கோதுமையை நிறுத்துங்க, பாலை நிறுத்துங்க"ன்னு யாராவது சொல்லியிருந்தா, நிறுத்துறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. ஏற்கெனவே நிறுத்தியிருந்தா கட்டாயம் படிங்க.

நான் ஒரு தாலுகா அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிற சாதாரண எம்.பி.பி.எஸ். டாக்டர். குழந்தைகள் நல நிபுணர் இல்லை. இதில் வர்ற பையன் என் பேஷன்ட்டும் இல்லை, என் கூடப்பிறந்த அக்கா மகன். அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். "எழுதுறதா இருந்தா உன் தப்பையும் சேர்த்து எழுது"ன்னு சொன்னா. சரி. அவன் பேரை முகிலன்னு வச்சுக்குவோம்.

முகிலுக்கு 3 வயசுல ஆட்டிசம்னு தெரிஞ்சது. இப்போ 7. பத்துப் பதினஞ்சு வார்த்தை பேசுவான். அவன் சாப்பாட்டு லிஸ்ட் சின்னது: வெள்ளைச் சோறும் நெய்யும், முறுகலா சுட்ட தோசை, அப்பளம், ஒரே ஒரு கம்பெனியோட வட்ட பிஸ்கட், காலையும் சாயங்காலமும் ஒரு பெரிய டம்ளர் பால். அந்தப் பால்ல மால்ட் சத்துப் பவுடர் ரெண்டு ஸ்பூன். அவ்ளோதான். காய் கிடையாது, பழம் கிடையாது, குழம்பு சோத்துல ஒரு சொட்டு விழுந்தா தட்டே பறக்கும். பிஸ்கட் கம்பெனிக்காரன் ஒரு தடவை கவரோட கலரை மாத்திட்டான், மூணு நாள் அதைத் தொடலை.

"பிடிவாதம், ரெண்டு நாள் பட்டினி போட்டா தானா சாப்பிடுவான்"னு சொல்ற பெரியவங்க எல்லா வீட்லயும் உண்டு. எங்க வீட்லயும் இருந்தாங்க. இந்தக் குழந்தைகள்ல பலருக்கு வாசனை, நிறம், வாய்க்குள்ள படுற பதம் எல்லாமே நமக்குத் தெரியறதைவிடப் பல மடங்கு பெருசா தெரியும். பட்டினி போட்டா நிஜமாவே பட்டினி கிடப்பாங்க.

5 வயசு முடியுறப்போ வயித்துப் பிரச்னை ஆரம்பிச்சது. ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை டவுசர்ல தண்ணியா கொஞ்சம் கொஞ்சம் மலம் போயிடும். வயிறு உப்பிக்கிட்டு இருக்கும். ராத்திரி எழுந்து அழுவான், டைனிங் டேபிள் முனையில வயித்தை வச்சு அழுத்திக்கிட்டு நிப்பான். தலையைச் சுவத்துல இடிக்கிறதும் அப்பத்தான் கூடுச்சு. அக்கா அவனைத் தெரபிக்குக் கூட்டிட்டுப் போன சென்டர்ல, "இது குடல்ல ஓட்டை விழுற பிரச்னை, ஆட்டிசத்துக்கே இதுதான் காரணம். கோதுமை, பால் ரெண்டையும் முழுசா நிறுத்துங்க, பேச்சும் வந்துடும்"னு சொல்லிட்டாங்க. ரெண்டு பக்கத்துக்கு ஒரு லிஸ்ட். எல்லாம் 'கூடாது' லிஸ்ட். 'அதுக்குப் பதிலா இது'ன்னு ஒரு வரி கிடையாது.

அக்கா எனக்கு போன் பண்ணினா. ஓ.பி.யில் இருந்தேன், வாசல் வரைக்கும் கூட்டம்.

"தம்பி, இப்படிச் சொல்றாங்கடா. செய்யலாமா?"

"கோதுமையும் பாலும் இல்லாம எத்தனையோ பேர் நல்லா இருக்காங்கக்கா. செஞ்சு பாரு, கெடுதல் ஒண்ணும் இல்லை."

இதுதான் என் தப்பு. நான் சொன்ன வாக்கியம் பொதுவா உண்மைதான். சோறு, குழம்பு, கீரை, முட்டை, மீன், பழம்னு சாப்பிடுற குழந்தைக்கு உண்மை. அஞ்சே அஞ்சு அயிட்டம் சாப்பிடுற குழந்தைக்கு இல்லை. அவன் என்ன சாப்பிடுறான்னு எனக்கு நல்லாவே தெரியும், பல தடவை பக்கத்துல உக்காந்து பார்த்திருக்கேன். ஆனா அந்த நிமிஷம் நான் அவனை யோசிக்கலை, கோதுமையை மட்டும் யோசிச்சேன்.

பால் போச்சு. நெய் போச்சு. பிஸ்கட் போச்சு. மால்ட்ங்கிறது பார்லி முளைகட்டி செய்யறது, அதுலயும் குளூட்டன் இருக்கு, அதனால சத்துப் பவுடரும் போச்சு. அக்கா எதையும் அரைகுறையா செய்ய மாட்டா. கடையில விக்கிற கூட்டுப் பெருங்காயத்துல கோதுமை மாவு கலப்பாங்கன்னு கண்டுபிடிச்சு அதையும் நிறுத்தினா. ரவை, சேமியா, அங்கன்வாடி சத்துமாவு எதுவும் வீட்டுக்குள்ள வரலை. மிஞ்சினது நல்லெண்ணெய் ஊத்தின சோறு, தோசை, அப்பளம்.

முதல் மூணு வாரம் நல்லாவே இருந்தது. இதை மறைக்கக் கூடாது. ராத்திரி தூங்கினான், வயிறு உப்பல் குறைஞ்சது. அக்கா போன்ல அழுதுட்டா. நானும் சந்தோஷப்பட்டேன்.

மூணாவது மாசம் மாடிப்படி ஏற மாட்டேன்னான். அப்புறம் விளையாட மாட்டேன்னான். நாலாவது மாசக் கடைசியில நடக்கவே மாட்டேன்னுட்டான். தவளை மாதிரி காலை மடக்கிப் பரப்பி வச்சுக்கிட்டுப் படுத்தே கிடப்பான். யாராவது காலைத் தொட்டா அலறல். வலிக்குதுன்னு சொல்ல அவன்கிட்ட வார்த்தை இல்லை. "கழிவு வெளியேறும்போது இப்படித்தான் பின்னடைவு வரும், டயட்டை விட்டுடாதீங்க"ன்னு சென்டர்ல சொன்னாங்க. எலும்பு டாக்டர் மூட்டு வாதமா இருக்கலாம்னு ரத்த டெஸ்ட் எழுதினார். ஹீமோகுளோபின் 7.8.

பொங்கல் லீவுக்குப் போனப்போதான் நேர்ல பார்த்தேன். எடை 2 கிலோ குறைஞ்சிருந்தது. அலறும்போது வாயைத் திறந்தான், ஈறு வீங்கி ஊதா நிறத்துல இருந்தது. கணுக்கால் பக்கம் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள். நடக்க மாட்டேங்கிறான், ரத்தம் குறைவு, ஈறு வீக்கம், ரத்தப் புள்ளி. என் மூளையில ஓடினது ஒரே ஒரு வார்த்தை, ரத்தப் புற்றுநோய். அக்காகிட்ட சொல்லலை. மாமாவைத் தனியா கூப்பிட்டு, நாளைக்கே மெடிக்கல் காலேஜ் போயிடலாம்னு மட்டும் சொன்னேன். அந்த ராத்திரி பத்தி எழுத வேண்டாம்.

மெடிக்கல் காலேஜ் குழந்தைகள் பிரிவுல ஒரு சீனியர் மேடம். ரிப்போர்ட் ஃபைலை ஓரமா வச்சுட்டு அக்காவைப் பார்த்துக் கேட்டாங்க: "நேத்து காலையில இருந்து இவன் வாய்க்குள்ள என்னென்ன போச்சு, வரிசையா சொல்லும்மா." அக்கா சொன்னா. "அதுக்கு முந்தின நாள்?" அதேதான். "பழம்?" சாப்பிட மாட்டான். "எப்பவுமே?" எப்பவுமே. "அப்போ நடந்தானே. அப்புறம் என்ன மாறிச்சு?" அக்கா லிஸ்ட்டை எடுத்து நீட்டினா.

மேடம் கால்மூட்டு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாங்க. ஃபிலிமை வெளிச்சத்துல பிடிச்சு, எலும்பு முனையில இருந்த வெள்ளைக் கோட்டைக் காட்டி என்கிட்ட கேட்டாங்க, "கடைசியா ஸ்கர்வி எப்போ பார்த்தீங்க டாக்டர்?"

"புக்லதான் மேடம்."

ஸ்கர்வி. வைட்டமின் சி சுத்தமா இல்லாம போனா வர்றது. பழைய காலத்துல மாசக்கணக்கா கடல்ல போன மாலுமிகளுக்கு வந்த நோய். முகிலுக்கு அதுவரைக்கும் வைட்டமின் சி எங்கிருந்து வந்தது தெரியுமா? அந்த மால்ட் பவுடர்ல இருந்து. அதுல வைட்டமின்கள் சேர்த்து விக்கிறாங்க. நாங்க எல்லாரும் "வெறும் சர்க்கரை"ன்னு கிண்டல் பண்ணின பவுடர். உடம்புல வைட்டமின் சி சேமிப்பு ரொம்ப நாளைக்கு வராது, வரத்து நின்னா ஒண்ணு ரெண்டு மூணு மாசத்துல தீர்ந்துடும். தீர்ந்ததும் ரத்தக்குழாய் லேசுல கசியும், எலும்பு மேல் உறைக்கு அடியில ரத்தம் கட்டும், அந்த வலி தாங்காமதான் காலை அசைக்காம கிடந்தான். ஆட்டிசம் இருந்து ஒண்ணு ரெண்டு சாப்பாடே சாப்பிடுற குழந்தைகளுக்கு ஸ்கர்வி வந்ததுன்னு உலகம் முழுக்க மருத்துவ இதழ்கள்ல நிறைய எழுதியிருக்காங்க. அதுல பலர் முதல்ல மூட்டு நோய், ரத்தப் புற்றுநோய்னுதான் சுத்தியிருக்காங்க. நான் அதுல ஒருத்தன்.

மருந்து என்ன? வைட்டமின் சி மாத்திரை. ஒரு அட்டை 30 ரூபாய்க்குள்ள.

மாத்திரையை எப்படிக் கொடுக்கிறதுங்கிறதுதான் பெரிய கதை. சோத்துல கலந்துடலாம்னு நான் சொன்னேன். மேடம் தடுத்துட்டாங்க. ருசி மாறினதை அவன் கண்டுபிடிச்சா மருந்தும் போகும், சோறும் லிஸ்ட்ல இருந்து போகும், மிச்சம் இருக்கிறதே மூணு அயிட்டம்னாங்க. இதைத் தயவுசெஞ்சு நினைவு வச்சுக்குங்க. பிடிச்ச சாப்பாட்டுல மருந்தை ஒளிக்காதீங்க. காய்ச்சல் மருந்து சிரிஞ்சுல கொடுத்தா வாங்கிக்குவான்னு அக்காவுக்கு ஞாபகம் வந்தது. மாத்திரையைத் தண்ணியில கரைச்சு, அதே சிரிஞ்சு, அதே நாற்காலி, அதே நேரம். நாலாம் நாள் காலைத் தொட்டா அலறலை. ரெண்டாவது வாரம் கட்டிலைப் பிடிச்சு நின்னான். ஒரு மாசத்துல நடந்தான்.

அப்போ முதல்ல வந்த வயித்துப் பிரச்னை என்னாச்சு? வயித்தைத் தொட்டுப் பார்த்த மேடம் என் கையையும் இடது பக்கம் கீழே வைக்கச் சொன்னாங்க. கல்லு மாதிரி இருந்தது. வயித்து எக்ஸ்ரேயில குடல் நிறைய இறுகின மலம். அவனுக்கு இருந்தது வயித்துப்போக்கே இல்லை, மலச்சிக்கல். மாசக்கணக்கா இறுகிப்போன மலத்துக்குப் பக்கவாட்டுல தண்ணியா கசிஞ்சு வர்றதைத்தான் லூஸ் மோஷன்னு நினைச்சிருக்கோம். டேபிள் முனையில வயித்தை அழுத்தினதும் தலையை இடிச்சதும் வலி. அதை ஆட்டிசத்தோட கணக்குல எழுதிட்டோம். பேச முடியாத குழந்தையோட நடத்தை திடீர்னு மோசமானா, வேற எதையும் யோசிக்கிறதுக்கு முன்னாடி பல்லு, காது, வயிறு, மூத்திரம்னு வலிக்கிற இடத்தைத் தேடணும். முதல் போன்லயே "அவனை இங்கே கூட்டிட்டு வா, வயித்தைத் தொட்டுப் பார்க்கிறேன்"னு நான் சொல்லியிருந்தா இந்த த்ரெட்டே இல்லை.

தண்ணியில கலக்குற பவுடர் ஒண்ணு எழுதினாங்க. அஞ்சு நாள் கொடுத்துக் குடலைக் காலி பண்ணினோம். அந்த அஞ்சு நாள் அக்கா வீட்டு வாஷிங் மெஷின் ஓயவே இல்லை. அப்புறம் குறைஞ்ச அளவுல மாசக்கணக்கா தொடரணும், ரெண்டு நாள் சரியா போச்சுன்னு நிறுத்தக் கூடாது. வெஸ்டர்ன் டாய்லெட்ல கால் தொங்கிக்கிட்டு இருந்தா முக்க முடியாது, அதனால காலுக்கு அடியில ஒரு பெயின்ட் டப்பா. சாப்பிட்டு முடிச்சதும் பத்து நிமிஷம் அதுல உக்காருவான். இப்ப அந்த டப்பா இல்லாம எங்கேயும் போக மாட்டான், கல்யாண வீட்டுக்கும் டப்பாவோடதான் போனாங்க.

இப்போ டயட். "அப்ப அந்த டயட் சுத்தப் பொய்யா?"ன்னு கேப்பீங்க. அமெரிக்காவுல ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்துல நடந்த ஒரு ஆய்வு 2016ல வெளியாச்சு. ஆட்டிசம் உள்ள 14 குழந்தைகளுக்குக் கோதுமையும் பாலும் நிறுத்தி, அப்புறம் பெற்றோருக்கும் பார்க்கிறவங்களுக்கும் தெரியாம சில தடவை அதைக் கலந்தும் சில தடவை கலக்காமலும் கொடுத்துப் பார்த்தாங்க. நடத்தை, தூக்கம், மலம் எதுலயும் வித்தியாசம் தெரியலை. 14 ரொம்பச் சின்ன எண்ணிக்கைதான், ஒத்துக்கிறேன். ஆனா ஒண்ணு கவனிங்க, அந்தக் குழந்தைகளோட சாப்பாட்டுல சத்து குறையாம டயட்டீஷியன் கூடவே பார்த்துக்கிட்டாங்க. என் அக்காகிட்ட இருந்தது ரெண்டு பக்க லிஸ்ட்.

நிஜமாவே ஒத்துக்காத குழந்தைகளும் இருக்காங்க. சீலியாக்னு ஒரு நோய் இருக்கு, அதுக்குக் கோதுமையை நிறுத்தியே ஆகணும். வட இந்தியாவைவிட நம்ம பக்கம் குறைவு, ஆனா இல்லாமல் இல்லை. அதுக்கான ரத்த டெஸ்ட்டைக் கோதுமை சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே எடுக்கணும். நிறுத்தின பிறகு எடுத்தா இருந்தாலும் இல்லைன்னு காட்டிடலாம். முகிலுக்குத் திரும்பக் கோதுமை கொடுத்து ரெண்டு மாசம் கழிச்சுத்தான் எடுத்தோம். இல்லைன்னு வந்தது.

கோதுமையைத் திரும்பக் கொடுத்தப்போ ஒண்ணும் ஆகலை. பாலைத் திரும்ப ரெண்டு டம்ளர் ஆக்கினப்போ ஒரே வாரத்துல மலம் இறுகிடுச்சு. சில குழந்தைகளுக்குப் பால்தான் மலச்சிக்கலைக் கூட்டும், முதல் மூணு வாரம் அவன் நல்லா இருந்ததுக்கும் அதுதான் காரணமா இருக்கணும். பாலையும் கோதுமையையும் ஒரே நாள்ல நிறுத்தினதால எது உதவிச்சுன்னு அப்போ எங்களுக்குத் தெரியலை. இப்போ காலையில மட்டும் ஒரு டம்ளர், மால்ட் பவுடரோட. குறைஞ்ச பாலுக்கு ஈடா தோசை மாவுல கேழ்வரகு மாவு. முதல் வாரம் ஒரு படிக்கு ஒரே ஒரு டீஸ்பூன், நிறம் மாறினது தெரியாத அளவுக்கு. மூணு மாசத்துல கால் பங்கு ஆச்சு. கேழ்வரகுல குளூட்டன் கிடையாது, 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம். மருந்தைத்தானே ஒளிக்காதேன்னே, மாவை மட்டும் ஒளிக்கலாமான்னு அக்கா கேட்டா. முதல் நாள்ல இருந்து மாவு கலக்கிற கிண்ணத்தை அவன் கையிலதான் கொடுக்கிறா. கலக்கிறது அவன்தான்.

அக்கா ஒரு பழைய காலண்டர்ல எழுதுறா: என்ன சாப்பிட்டான், எப்போ போனான், ராத்திரி எழுந்தானா. ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம்தான். நாலு வாரம் பார்த்துட்டு காலண்டரைப் புரட்டி முடிவு பண்றா. எடுக்கிறதா இருந்தா அந்தச் சாப்பாட்டோட சேர்ந்து வேற என்னவெல்லாம் போகுதுன்னு முதல்ல என்கிட்ட கேக்கிறா, நானும் இப்ப ஓ.பி. முடிஞ்சு உக்காந்து யோசிச்சுட்டுத்தான் பதில் சொல்றேன். உங்களுக்கு இப்படிக் கேக்க ஆள் இல்லைன்னா, மாவட்டத் தலைமை மருத்துவமனையிலயோ மெடிக்கல் காலேஜ்லயோ குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கும், அங்கே போய்க் கேளுங்க. காசு கிடையாது. கைப்பட எழுதின சாப்பாட்டு லிஸ்ட்டோட போங்க.

பேச்சு? டயட்டால வரலை. வலி போனதும் தெரபியில உக்கார ஆரம்பிச்சான், அஞ்சாறு வார்த்தை கூடியிருக்கு. அதுல ஒண்ணு 'டப்பா'.

மாத்திரை ஆயுசுக்கும் வேண்டாம், ஒரு பழமாவது உள்ளே போகணும்னு ஆறு மாசமா கொய்யாவோட போராடுறோம். முதல்ல மேஜை மேல சும்மா இருந்தது. அப்புறம் உருட்டி விளையாடினான். அப்புறம் மோந்து பார்த்தான். நேத்து சாயங்காலம் அக்கா ஒரு போட்டோ அனுப்பினா. பச்சைக் கொய்யாவுல நாலு பல்லுத் தடம்.

"முழுங்கினானா?"ன்னு கேட்டேன்.

"துப்பிட்டான்டா. ஆனா கடிச்சான்."