நீல மூடி

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்குச் சமையல் மேடையை மறுபடியும் துடைக்கிறார் அக்கா. பாத்திரம் தேய்க்கும் பஞ்சு பக்கத்திலேயே கிடக்கிறது, அதைத் தொடவில்லை. புதிதாகக் கிழித்த காகிதத் துண்டால் ஒரு முறை, அதைக் குப்பையில் போட்டுவிட்டு இன்னொன்றால் ஒரு முறை. சற்று முன்புதான் அந்த மேடையில் அவருடைய மாமியார் சப்பாத்தி தேய்த்தார். பார்த்தால் ஒரு பொட்டு மாவு கூட இல்லை. இருந்தும் துடைக்கிறார்.

லண்டன் ஈஸ்ட் ஹாமில், ஹை ஸ்ட்ரீட் நார்த்திலிருந்து பிரியும் தெரு ஒன்றில் இருக்கிறது அவர்கள் வீடு. மாடியில் பின்பக்கத்து அறை எனக்கு வாடகைக்கு. சமையலறை எல்லோருக்கும் பொது. வேலை முடிந்து வந்து, ஜன்னலோரத்துச் சின்ன மேஜையில் தட்டோடு உட்கார்ந்தால் எழுந்து போக மனம் வருவதில்லை.

அக்கா நர்ஸ். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவருக்கு நீண்ட பகல் ஷிஃப்ட். காலை ஏழரைக்கு வார்டில் நிற்க வேண்டும்; ஆறேகாலுக்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார். அவர் கணவர் கிடங்கு ஒன்றில் இரவு வேலை முடித்து வீடு வந்து சேர ஏழரை ஆகும். அந்த ஒன்றே கால் மணி நேரத்துக்கு ஒன்பது வயதுப் பெண்ணும், கும்பகோணத்திலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருக்கும் பாட்டியும் மட்டும்தான். பெண்ணை எழுப்பி, குளிக்க வைத்து, தலை பின்னி, எட்டரைக்குள் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். அடுப்பைப் பற்றவைத்து ஏதாவது செய்யலாம்தான். ஆனால் இந்த வீட்டு அடுப்படியில் எதையும் யோசிக்காமல் எடுத்துச் செய்துவிட முடியாது.

அந்தப் பெண்ணுக்குச் சீலியாக். கோதுமை, பார்லி, ரை இந்த மூன்றிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், அவள் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அவள் சிறுகுடலையே தாக்கும். சாப்பாட்டின் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கிப்போகும். இது ஒவ்வாமை அல்ல; அரிப்பு வந்து போவது போல் போய்விடாது. பிரிட்டனில் நூற்றில் ஒருவருக்கு இது இருப்பதாகக் கணக்கு. மருந்து கிடையாது, ஆயுள் முழுக்க அந்தத் தானியங்களைத் தவிர்ப்பதுதான் மருத்துவம். ஏழு வயதில் அந்தப் பெண் வளராமல் நின்றுபோனாள். வெளுத்துப்போய், வயிறு மட்டும் உப்பி இருந்தாள். இரும்புச் சத்து மருந்து கொடுத்தும் ரத்தம் ஏறவில்லை. பிறகு ரத்தப் பரிசோதனை, அதற்கப்புறம் எண்டோஸ்கோப்பி என்று போய்த்தான் விஷயம் தெரிந்ததாம்.

அரிசி சாப்பிடுகிற வீடுதானே, என்ன கஷ்டம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இட்லியிலும் தோசையிலும் குளூட்டன் இல்லை. சாம்பார்? பருப்பிலும் புளியிலும் இல்லை. ஆனால் பெருங்காயத்தில் இருக்கிறது. கடையில் விற்கும் பெருங்காயத்தூளிலும் கட்டியிலும் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். பெருங்காயத்தின் காரத்தைத் தணிக்கச் சேர்ப்பது. தினமும் சாம்பாரில் ஒரு சிட்டிகை, ரசத்தில் ஒரு சிட்டிகை என்று அது போய்க்கொண்டே இருந்திருக்கிறது. சத்துக்கென்று காலையும் மாலையும் கலந்து கொடுத்த மால்ட் பானத்தில் பார்லியும் கோதுமையும். உப்புமா, சேமியா, ரவா தோசை எல்லாம் சொல்லவே வேண்டாம். நல்லது என்று கொடுத்த ஒவ்வொன்றையும் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்த ஒரு தாயின் முகத்தை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அக்கா அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். டப்பாக்களுக்கு நீல மூடி வாங்கினார்.

மேல் அலமாரி முழுக்க நீல மூடிதான். அவளுக்கென்று தனி வெண்ணெய், தனி ஜாம். ரொட்டியில் தடவிய கத்தி திரும்ப ஜாமுக்குள் போனால் அதோடு துகளும் போகும் அல்லவா, அதனால். அரிசிமாவு சேர்த்த பெருங்காயத்தூள் ஒரு குட்டி டப்பாவில். சப்பாத்தி மாவு கீழ் அலமாரியில், தரையோடு தரையாக. சிந்தினாலும் கீழேதான் சிந்தும், மேலே ஏறாது. மகனுக்குச் சர்க்கரை இருப்பதால் பாட்டி அவருக்குச் சப்பாத்தி போடுவதை நிறுத்தவில்லை. ஆனால் மாவு பிசையும்போது தோளில் ஒரு பழைய துண்டு, முடிந்ததும் அது நேராகத் துணி மெஷினுக்குள். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பேத்தியின் பக்கம் வருவார். இதையெல்லாம் அவருக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்து நான் பார்க்கவில்லை. மருமகள் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

மேடை காய்ந்ததும் அக்கா மூன்று கண்ணாடி பாட்டில்களை வரிசையாக வைக்கிறார். மூன்று ஷிஃப்ட், மூன்று காலை. ஓட்ஸ் பொட்டலத்தை எடுக்கிறார். அதன் முன்பக்கத்தில் ஒரு கதிரின் மேல் குறுக்குக் கோடு போட்ட முத்திரை. ஓட்ஸில் இயல்பாகக் கோதுமையின் குளூட்டன் கிடையாது. ஆனால் அது விளையும் நிலத்தில் முந்தைய பருவத்தில் கோதுமையோ பார்லியோ விளைந்திருக்கும். அறுக்கும் இயந்திரம், ஏற்றும் லாரி, கொட்டும் கிடங்கு, அரைக்கும் ஆலை எல்லாம் பொது. சாதாரண ஓட்ஸ் பொட்டலத்துக்குள் வேறு தானியத்தின் மணிகள் கலந்துவிடுவது இப்படித்தான். குளூட்டன் இல்லாதது என்று அச்சிட வேண்டுமானால் தனியாக விளைவிக்க வேண்டும், அல்லது மணி மணியாகப் பிரித்தெடுக்க வேண்டும். கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இங்கே சட்டம். அதனால்தான் விலையும் கூட. மாதக் கடைசியில் அக்கா இந்தப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் விலைச்சீட்டைப் பார்ப்பதுண்டு. வாங்காமல் திரும்பியதில்லை.

ஒவ்வொரு பாட்டிலிலும் அரைக் கப் ஓட்ஸ். ஒரு தேக்கரண்டி சியா விதை. முக்கால் கப் பால், இரண்டு கரண்டி கட்டித் தயிர். உப்பு, விரல் நுனியில் ஒட்டும் அளவு. சர்க்கரை கிடையாது, நான்கு பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்துப் பொடியாக நறுக்கி மூன்றுக்கும் பங்கிடுகிறார். ஏலக்காயைத் தட்டிப்போடுவது பாட்டி வந்த பிறகு சேர்ந்த பழக்கம். நீண்ட கரண்டியை அடிவரை விட்டுக் கிளறுகிறார், ஏனென்றால் சியா அடியில் கட்டி தட்டிக்கொள்ளும். ஐந்து நிமிஷம் விட்டு இன்னொரு முறை கிளறினால்தான் அது சரியாகப் பிரியும். அவசரத்தில் இதை விட்டவர்களுக்கு மறுநாள் அடியில் ஒரு பந்துதான் கிடைக்கும். முதல் பாட்டிலின் மேல் மட்டும் உறைந்த பெர்ரிப் பழங்கள் ஒரு கை. ராத்திரி முழுக்க அவை இளகி, ஊதாச் சாறு கீழே இறங்கும். வாழைப்பழம் கறுத்துப்போகும், அதனால் அது காலையில் நறுக்கிக்கொள்வதற்கு.

பாட்டி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்கிறார்.

“வேகவைக்காத தானியத்தைப் புள்ளைக்குக் குடுக்கலாமாம்மா?”

“இது பச்சைத் தானியம் இல்ல அத்தை. ஆலையிலயே ஆவியில அவிச்சு, உருளையில நசுக்கித்தான் வருது. நம்ம ஊர் அவல் மாதிரின்னு வெச்சுக்குங்களேன். ஊறினாப் போதும்.”

“அவலா?”

ஓட்ஸைப் பற்றி அதுவரை அவருக்கிருந்த சந்தேகமெல்லாம் அந்த ஒரு சொல்லில் கரைந்துபோவது முகத்தில் தெரிகிறது. பாட்டிலை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். செதிள் செதிளாகப் பாலில் மிதப்பதை உற்றுப் பார்க்கிறார். அடுத்த கேள்வி உடனே வருகிறது.

“அப்ப அவலையே ஊற வெச்சுக் குடுக்கலாமே?”

அக்கா சிரிக்கிறார். “அவளுக்கு ஸ்கூல்ல எல்லாரும் சாப்பிடறதைத் தானும் சாப்பிடணும் அத்தை. பர்த்டே கேக் வேணாம், பீட்சா வேணாம்னு எல்லாத்துக்கும் தலையாட்டுறா. இது ஒண்ணாவது அவளுக்கும் இருக்கட்டும். நார்ச்சத்தும் நெறைய.”

இந்த ஓட்ஸும் எளிதில் அனுமதிக்கப்பட்டதல்ல. ஓட்ஸிலும் அவெனின் என்று ஒரு புரதம் இருக்கிறது; சீலியாக் உள்ளவர்களில் மிகச் சிலருக்கு அதுவும் ஒத்துக்கொள்வதில்லை. மருத்துவமனை உணவு ஆலோசகரைக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்து, பிறகு ரத்தப் பரிசோதனையில் அளவுகள் இறங்கியிருப்பதை உறுதிசெய்துகொண்டுதான் தினசரிக்குக் கொண்டுவந்தார்கள். மெல்போர்னில் இருக்கும் அக்காவின் தங்கை போனில், “அங்க எப்படிக்கா குடுக்கறே? இங்க எந்த ஓட்ஸ் பாக்கெட்லயும் குளூட்டன் இல்லைன்னு போடவே கூடாதாமே” என்று பதறியதை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். உண்மைதான், ஆஸ்திரேலியச் சட்டம் அப்படி. ஒரே தானியம், இரண்டு நாட்டில் இரண்டு தீர்ப்பு. நடுவில் ஒரு தாய், தன் பிள்ளையின் ரத்தப் பரிசோதனைத் தாளை வைத்துக்கொண்டு தானே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அக்கா அந்தத் தாளை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறார்.

ராத்திரியே ஊறவைத்து அடுப்பில்லாமல் காலையில் சாப்பிடுவது ஏதோ நேற்று வந்த நாகரிகம் போல் பேசுகிறார்கள். 1900 வாக்கில் சூரிச்சில் பிர்ஷர்-பென்னர் என்ற மருத்துவர் தன் நோயாளிகளுக்கு இதைத்தான் கொடுத்தார். அவருடைய கிண்ணத்தில் ஓட்ஸ் ஒரே ஒரு மேஜைக்கரண்டிதான். முதல் நாளே தண்ணீரில் ஊறியது. மீதியெல்லாம் தோலோடு துருவிய ஆப்பிள், எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் இனிப்புக் கெட்டிப்பால், பொடித்த கொட்டைகள். நோயாளிகளுக்கென்று பிறந்த உணவு நோயுள்ள ஒரு பிள்ளையிடம் திரும்பி வந்திருப்பது எனக்கு நிறைவாக இருக்கிறது.

மூன்று பாட்டிலுக்கும் நீல மூடி இறுக்கி, ஃப்ரிட்ஜின் மேல் தட்டில் வைக்கிறார். புதன்கிழமைக்கானது பின்னால். மூன்று நாள்வரை தாங்கும். அதற்கு மேல் குழைந்துவிடும்.

திங்கள் காலை ஐந்தே முக்காலுக்கு நான் தேநீர் போட இறங்கும்போது, முதல் பாட்டில் ஃப்ரிட்ஜுக்கு வெளியே, பாட்டியின் முன்னால் மேஜையில் இருக்கிறது. குளிர்ந்ததைக் காலங்கார்த்தாலே குழந்தைக்குக் கொடுப்பதா, சளி பிடிக்காதா என்று வந்த புதிதில் மாமியாருக்கும் மருமகளுக்கும் நடந்த வழக்குக்கு ஏற்பட்ட சமாதானம் இது: சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வைப்பது. அக்கா சீருடையோடு குனிந்து மாமியாரிடம், “ஸ்பூன் நீல டிராயர்ல இருக்கறது மட்டும் அத்தை” என்கிறார். “தெரியும் போ, நேரமாச்சு” என்கிறார் பாட்டி.

ஏழு மணிக்குப் பெண் ஈரத்தலையோடு வருகிறாள். பாட்டி பின்னலைப் பிரித்துப் போடப் போட, அவள் குனிந்து மூடியைத் திறக்கிறாள். ஊதா, வெள்ளை, பழுப்பு என்று அடுக்கடுக்காக இருப்பதை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கலக்கிவிடுகிறாள். பாட்டி ஒரு கையால் ரிப்பனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வாழைப்பழத்தை நறுக்கிப் போடுகிறார். சாப்பிட்டு முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பாட்டில் வழித்துத் துடைத்தது போல் காலி.

அவல் விஷயத்தைப் பாட்டி விடவில்லை. வியாழக்கிழமை என்னைப் பை தூக்கக் கூட்டிக்கொண்டு தமிழ்க் கடைக்குப் போகிறார். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் இங்கே பொட்டலத்தில் ஒவ்வாமைப் பொருள்களைப் பட்டியலில் தனித்துத் தெரியும்படி காட்ட வேண்டும் என்று விதி; பெரும்பாலும் தடித்த எழுத்தில் இருக்கும். கோதுமை என்ற சொல் ஆங்கிலத்தில் எப்படி இருக்கும் என்று பேத்தி ஒரு அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். பார்லிக்கு ஒரு அட்டை. இரண்டும் பாட்டியின் சுருக்குப்பையில்.

சிவப்பு அவல் பொட்டலத்தைத் திருப்பி, கண்ணாடியை மூக்கில் இறக்கி, அட்டையைப் பக்கத்தில் வைத்து வரி வரியாக விரலை ஓட்டுகிறார். பொருள்கள் என்ற இடத்தில் அரிசி மட்டும்தான். விரல் கீழே இறங்குகிறது. அடியில் சின்ன எழுத்தில் ஒரு எச்சரிக்கை வரி; கோதுமையும் பொதியப்படும் இடத்தில் பொதிந்தது. விரல் அங்கே நிற்கிறது. அட்டையை ஒரு முறை பார்க்கிறார், வரியை ஒரு முறை பார்க்கிறார். ஒன்றும் சொல்லாமல் பொட்டலத்தை அதன் இடத்தில் வைக்கிறார். கும்பகோணத்தில் வாழ்நாளெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய பொருள் அது. அடுத்த கடையிலும் அதே கதை. மூன்றாவது கடையில் வேறொரு நிறுவனத்தின் அவல். மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை தேடியும் அட்டையில் இருக்கும் எழுத்துகள் அதில் இல்லை. இரண்டு பொட்டலம் வாங்குகிறார்.

வீட்டில் பேத்தி நாற்காலியில் ஏறி நின்று அதை வாங்கிப் படிக்கிறாள். முன்பக்கம், பின்பக்கம், ஒட்டு மடிந்திருக்கும் ஓரம்வரை. பாட்டி கீழே அண்ணாந்து நிற்கிறார்.

“ஓகே பாட்டி. மேல வைக்கலாம்.”

“நாளைக்கு வெல்லம் போட்டுத் தரட்டா? ராத்திரியெல்லாம் ஊற வேணாம், கால் மணி நேரம் போதும்.”

“நாளைக்கு ஸ்கூல் இருக்கு. சனிக்கிழமை அவல். தேங்காய் நெறைய.”

“சரி” என்று பாட்டி நீல மூடி டப்பாவைத் தேடி எடுக்கிறார்.