முதலில் எதைப் பார்ப்பது?

எங்கள் தந்தையாரின் வலக்கையில், முழங்கை முதல் மணிக்கட்டு வரை தோல் வெளுத்துச் சுருங்கிய தழும்பு ஒன்று உண்டு. நாங்கள் சிறுவராய் இருந்தபோது அதைப் பற்றிக் கேட்டால், "நீராவி போட்ட கையெழுத்து" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தக் கையெழுத்தின் பொருள் எங்களுக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

அம்பாசமுத்திரத்தை அடுத்த ஓர் அரிசி ஆலையில் அவர் கொதிகலனைக் கவனிக்கும் வேலையில் இருந்தார். உமியை எரித்து நீராவி உண்டாக்கி, நெல் அவிக்கும் தொட்டிகளுக்கு அனுப்ப வேண்டும். ஆண்டுக்கொரு முறை ஆய்வாளர் வருவார். அவர் வருவதற்கு ஒரு வாரம் முன்பே ஆலை கல்யாண வீடாகிவிடும். சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள். வாயிற்கதவுக்கு எண்ணெய் இடுவார்கள். பித்தளைத் திருகுகளைப் புளி போட்டுத் துலக்குவார்கள். கொதிகலனையும் குறை இல்லாமல் வைத்திருப்பார்கள். ஆனால் கொதிகலனிலிருந்து தொட்டிக்குச் செல்லும் நீராவிக் குழாயின் ஒரு வளைவை மட்டும் ஒருவரும் பார்த்ததில்லை.

அந்த வளைவுக்கு நேர் மேலே கூரை ஓடு உடைந்து மழைநீர் சொட்டும். சூடு வெளியேறாமல் இருக்கக் குழாய்க்குச் சுற்றியிருந்த உறை அந்த ஈரத்தைக் குடித்துக் குடித்து, உள்ளே இரும்பு துருவேறிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் உறை மட்டுமே தெரியும். "அந்த இடத்தை அவிழ்த்துப் பாருங்கள் ஐயா" என்று தந்தையார் மேஸ்திரியிடம் இரண்டு முறை சொன்னாராம். "எல்லாக் குழாயையும் பார்க்கும்போது அதையும் பார்ப்போம்" என்று விடை வந்தது. எல்லாக் குழாயையும் பார்க்கும் நாள் வரவில்லை; 1998 ஐப்பசி மழைதான் வந்தது. நெல் சுமக்கும் பெண்கள் அவ்வழியே போய்ச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. வளைவு பிளந்தது. தந்தையார் ஒரு கையோடு தப்பினார்.

இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராய்ச் சேர்ந்து, திருவனந்தபுரத்திற்குக் குடிபெயர்ந்த பின்னர்தான், அவர் அன்று கேட்டது ஒரு பெருங்கலையின் முதற்பாடம் என்பதை அறிந்தோம். பெரிய தொழிற்சாலையில் கலங்களும் குழாய்களும் வால்வுகளும் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆய்வாளர்களோ சிலர், நாட்களோ குறைவு. எல்லாவற்றையும் ஒன்றுபோல் பார்க்கப் புகுந்தால், ஆபத்தில்லாத நூறு பொருள்களில் பொழுது கழிந்து, ஆபத்தான ஒன்று பாராமலே நின்றுவிடும். ஆகையால் ஒவ்வொரு பொருளைப் பற்றியும் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். இது பழுதாகும் வாய்ப்பு எவ்வளவு? பழுதானால் யாருக்கு என்ன கேடு விளையும்? இவ்விரண்டையும் பெருக்கி வருவதே அபாயத்தின் அளவு. ஐந்து வரிசையும் ஐந்து பத்தியும் கொண்ட கட்டம் ஒன்று வரைந்து, ஒவ்வொரு கலத்தையும் அதற்குரிய அறையில் எழுதுவார்கள். வாய்ப்பும் கேடும் சேர்ந்து மிகுந்திருக்கும் மூலையில் விழுந்தவற்றுக்கு முதலிடம். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் இம்முறைக்கான நெறிகளை 2002 ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டது.

முதற் கேள்விக்கு விடை காண அளவுகோல் உண்டு. ஒலியலைக் கருவியால், பாத்திரத்தைத் திறக்காமலே அதன் சுவரின் கனத்தை அளக்கலாம். 12 மில்லிமீட்டர் கனமுள்ள சுவர் 8 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் அழுத்தம் தாங்காது என்று கொள்வோம். ஆண்டுக்கு 0.4 மில்லிமீட்டர் தேய்ந்தால் எஞ்சிய ஆயுள் 10 ஆண்டு. "பத்தாம் ஆண்டு பார்ப்போம்" என்று இருந்துவிடலாகாது. அதில் பாதி கழிவதற்குள் மறுபடியும் அளக்க வேண்டும். தேய்மானம் ஒரே சீராய் நடக்கும் என்று யார் உறுதி கூற இயலும்?

இம்முறை எங்கள் இரயில்வேக்கும் புதிதன்று. தண்டவாளத்தின் உள்ளே மறைந்திருக்கும் வெடிப்பை ஒலியலை கொண்டு தேடும்போது, அதன்மேல் ஓடிய வண்டிகளின் மொத்த எடையைக் கணக்கிட்டு, மிகுதியாய் உழைத்த தண்டவாளத்தை அடிக்கடி சோதிக்கிறார்கள்.

இரண்டாம் கேள்வியையே மனிதர் எளிதில் மறக்கிறார்கள். நம் நகரத்துச் செய்தி ஒன்று கூறுவோம். முன்பு கொச்சுவேளி என்றும் இப்போது திருவனந்தபுரம் வடக்கு என்றும் வழங்கும் இரயில் நிலையத்திற்கு அருகில் திருவாங்கூர் டைட்டானியம் தொழிற்சாலை இருக்கிறது. 2021 பிப்ரவரி 10 ஆம் நாள் அங்கே ஒரு குழாய் உடைந்து, உலை எண்ணெய் வடிகால் வழியே கடலில் கலந்தது. வேளிக் கரையிலும் சங்குமுகத்திலும் மணல் கறுத்தது. மீனவர்களின் பிழைப்பு கெட்டது. குழாய் உடைந்தது ஆலைக்குள்ளே. பட்டினி கிடந்தது கடற்கரைக் குடிசையில். ஆலைக்கு ஏற்படும் நட்டத்தை மட்டும் எழுதினால் அந்தக் குழாய் கட்டத்தின் கீழ் மூலையில் விழக்கூடும்; வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்தால் மேலே ஏறிவிடும்.

1984 டிசம்பர் 2 ஆம் நாள் இரவு போபாலில் நடந்ததும் இதையே கூறுகிறது. நச்சுத் திரவத்தைக் குளிர்விக்கும் இயந்திரம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவை எரித்துவிடும் கோபுரமும் பழுதுபார்ப்பதற்காகத் துண்டிக்கப்பட்டிருந்தது. விளைந்த கேட்டை உலகம் அறியும். போபால் நிலையத்தில் கடமையில் நின்ற இரயில்வே ஊழியர் பலரும் அதற்கு இரையாயினர். நம் நெய்வேலியில், 2020 ஆம் ஆண்டு மே 7 அன்றும் ஜூலை 1 அன்றும், ஒரே அனல்மின் நிலையத்தில் இரண்டு கொதிகலன் விபத்துகள் நேர்ந்தன. ஒரு விபத்து நடந்தால் பழைய கட்டம் செல்லாது. அதை அழித்து மீண்டும் எழுத வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வரிசைப்படுத்துவது கடைசியில் நிற்பவற்றைக் கைவிடுவதற்கான சாக்கு ஆகலாகாது. ஒரு குழாயின் நிலை தெரியாவிட்டால் "அபாயம் இல்லை" என்று எழுதக் கூடாது. தெரியாமையையே அபாயமாகக் கொண்டு மேலே ஏற்ற வேண்டும். கட்டத்தை எழுத உட்காரும்போது, அந்தக் குழாயின் அடியில் நாள்தோறும் நிற்பவனையும் அழைத்துக் கேட்க வேண்டும். கூரை ஓடு உடைந்திருப்பது எந்தப் பேரேட்டில் இருக்கிறது?

ஊரை விட்டு வந்த நம் குடும்பங்களில் ஆலை வேலைக்குப் போவோர் பலர். ஒப்பந்தக் கூலிகளாய், மொழி புதிதாய், "சொன்னால் வேலை போய்விடுமோ" என்ற அச்சத்தோடு நிற்போரும் உண்டு. அன்பர்களே, கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள். ஒருமுறை சொல்லிக் கேளாவிட்டால் எழுதிக் கொடுங்கள். எழுத வராவிட்டால் சங்கத்திற்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.

தந்தையார் இப்போது எங்களோடுதான் இருக்கிறார். சென்ற பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளை அடித்தோம். அவர் சுவரைப் பார்க்கவில்லை. சமையலறைக்குள் சென்று, அடுப்புக்கும் எரிவாயு உருளைக்கும் இடையிலுள்ள குழாயைத் தழும்பேறிய கையால் தடவிப் பார்த்தார். "இதை மாற்றி எத்தனை வருடம் ஆயிற்று?" என்றார். எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. அன்று மாலையே புதிய குழாய் வாங்கி மாற்றினோம்.